கழுத்தில் ஒரு முடிச்சு

பிரிக்ஃபீல்ட்ஸ்
1936, மாசி வெள்ளி இரவு

அவர் காலமான பிறகு நான் முதலுதவிப் படைப் பக்கம் போகவே இல்லை. சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பிக்கத்தான் இன்று மறுபடியும் பரீட்சை. கை உடைந்தவளாக நடிக்க என் முன்னால் உட்கார்ந்தவள் கமலம். போன மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. முக்கோணத் துணியில் அவள் கையைத் தாங்கி, முனைகளைக் கழுத்தோரம் முடிச்சுப் போட வேண்டும். துணியை மேலே கொண்டுபோனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. கழுத்துல நீங்க முடிச்சுப் போட வேணாம். நெஜமா அடிபட்டா நீங்களே கட்டுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அடிபட்டால் மட்டும் நான் தாலியறுத்தவள் இல்லையா?

பரீட்சை வைத்த வெள்ளைக்கார லேடி டாக்டருக்கு எதுவும் புரியவில்லை. துணியோடு நான் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, "முடிச்சு மறந்துபோச்சா? இன்னும் பழகிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் துணியை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, என் வெறுங்கழுத்திலேயே துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் விழுகிறது. எதையும் மறக்கவில்லை.

இதை எழுதும்போதும் அது கழுத்தில்தான் கிடக்கிறது. அவிழ்க்க மனம் வரவில்லை.