மூன்று வீடு, ஒரு சாமான் அறை

மார்ச் 3, செவ்வாய்

வாசல் செடிகளைப் பிடுங்கிவிட்டுச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். மூன்று வீடாகப் பிரித்தால் மூன்று கார் நிறுத்த இடம் காட்ட வேண்டுமாம். இங்கே யாரிடமும் கார் இல்லை. தம்பியிடம் ஓர் ஓட்டை ஸ்கூட்டர் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டை மூன்றாகப் பிரிக்கலாம், நான்காவது கூடாது. நகராட்சி விதி அப்படி. கீழே முன்பக்கம் தம்பி குடும்பம். பின்பக்கமும் மாடி முன்பக்கமும் வாடகைக்கு. மாடிக் கோடியில் என் அறை. அதைத் தொடப்போவதில்லை என்றான்.

மார்ச் 10

தலையணை உறைக்குள்ளும் தூசி.

மார்ச் 12, வியாழன்

வரைபடக்காரர் சுருளைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டுக் கொத்தனாரோடு பேசப் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் அறையைத் தேடினேன். இருந்தது. உள்ளே எழுதியிருந்தது: ‘சாமான் அறை’.

தனிப் படி, தனி வாசல், உள்ளே அடுப்பு, ஓர் ஆள். உள்ளதை உள்ளபடி வரைந்தால் நான்காவது வீடாகிவிடும். அதனால் என்னை எடுத்துவிட்டார்கள்.

கீழே என் கையெழுத்து. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதே. போன மாதம் நான் மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பி ஒரு கால் செருப்போடு நின்றபோது, “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடுக்கா” என்றான். தம்பிதானே என்று போட்டேன்.

“என்னடா இது?” என்று இன்று சாயங்காலம் கேட்டேன்.

“பேப்பர்லதான்க்கா அப்படி. நீ எங்கயும் போகப்போறதில்ல.”

“பேப்பர்ல நான் எங்க இருக்கேன்?”

“எங்களோடதான். ஒரே குடும்பந்தானே.”

“அப்ப உங்க பக்கத்துல எது என் ரூம்?”

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

மார்ச் 13

கொதிக்குது. என்ன நெனச்சுட்டிருக்கான்? கல்யாணம் பண்ணிக்காதவளுக்குச் சுவர் கிடையாதா? சாமானுக்கு ஜன்னல் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், எங்கே தள்ளினாலும் நகரும் — அதானே?

மார்ச் 19, வியாழன்

திங்கட்கிழமை நகராட்சி ஆய்வு. தம்பி மனைவி காபியோடு மேலே வந்தாள்.

“அண்ணி, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்க ஃப்ரெண்டு வீட்டுக்குப் போய்ட்டு வாங்களேன். கட்டிலை நாங்க பாத்துக்கறோம்.”

“பாத்துக்கறதுன்னா?”

“நிமித்தி வச்சு, மேல ஒரு போர்வை...”

“என்னையும் அப்படியே நிமித்தி வச்சுடுங்களேன். போர்வை போதும்.”

டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். காபி நன்றாக இருந்தது. அதிலும் எரிச்சல்.

மார்ச் 22

போகமாட்டேன்.

மார்ச் 23, திங்கள்

ஆய்வாளர் கனத்த உடம்புக்காரர். படியேறி வந்து மூச்சு வாங்கினார். நான் கட்டிலில் உட்கார்ந்து கடைக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் தம்பி.

வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். “சாமான் அறைன்னு போட்டிருக்கே. நீங்க யாரும்மா?”

“சாமான்.”

யாரும் சிரிக்கவில்லை. “எங்க அக்கா சார்” என்றான் தம்பி. “சும்மா உக்காந்திருக்காங்க.”

அடுப்பையும், கொடியில் கிடந்த துண்டையும், குழாயடியில் இருந்த பல் துலக்கியையும் ஆய்வாளர் பார்த்தார். “எவ்வளவு நாளாம்மா சும்மா உக்காந்திருக்கீங்க?”

“இவன் பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து சார்.”

அனுமதி இல்லை. இந்த அறையை உண்மையாகவே காலி செய்ய வேண்டும், அல்லது இதை ஒரு வீடாகக் காட்டி வேறொரு சமையலறையை எடுக்க வேண்டும். எதுவானாலும் புது வரைபடம், இருவர் கையெழுத்து.

அவர் போனதும் தம்பி கத்தினான். “சந்தோஷமா? பின்பக்கத்துக்கு ஆள் பேசி முடிச்சாச்சு. என் மூஞ்சில கரியப் பூசிட்ட.”

“அவங்களையும் வரச் சொல்லு. கட்டிலை நிமித்தி வைக்கிறேன்.”

பொத்தானைக் கோணலாகத் தைத்திருக்கிறேன்.

மார்ச் 30

பேச்சு இல்லை. அவனும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. ஒரே கேட்டைத் திறந்து மூடுகிறோம். நான் மூடினால் சத்தம் வரத்தான் செய்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

புது வரைபடம். “தம்பி பாத்ததுதான்மா, போடுங்க” என்றார் வரைபடக்காரர்.

“நான் பாக்கலையே.”

அவரை உட்காரவைத்து ஒவ்வொரு கோடாகக் கேட்டேன். பின்பக்கச் சமையலறையை இடித்து, அந்தப் பகுதியைத் தம்பி வீட்டோடு சேர்க்கிறார்கள். மாடி முன்பக்கம் மட்டும் வாடகைக்கு. மூன்றாவது வீடு என் அறை. கையெழுத்துப் போட்டேன். கோபம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

பின்பக்கத்தில் கழற்றிய பாத்திரம் கழுவும் தொட்டியை இன்று என் அறைக்குக் கொண்டுவந்தார்கள். கொத்தனாரின் ஆள் வராததால் மறுபக்கத்தைத் தம்பியே பிடித்துக்கொண்டு வந்தான். இறக்கி வைத்ததும் சுவரைப் பார்த்தபடி, “எவ்வளவு உசரத்துல வேணும்?” என்று கேட்டான். இடுப்பருகே கையை வைத்துக் காட்டினேன். பென்சிலால் கோடு போட்டான்.

அக்கா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால், தொட்டியை உள்ளே கொண்டுவருமுன், கதவு திறந்தே இருந்தும், தட்டிவிட்டு நான் வரச் சொல்லும்வரை வெளியிலேயே நின்றான்.