ஸ்டெல்லா அக்காவின் வழக்கு

நவம்பர் 10, திங்கள்
காலையிலிருந்தே தூறல். சானமாவுக் காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டுக்கு வந்ததால் கம்பெனி பஸ் தாமதம்.

நாளை ஸ்டெல்லா அக்காவுக்குக் கோர்ட். எங்கள் வயரிங் லைனில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். பிரசவ லீவு முடிந்து வந்த அன்றே பேக்கிங் மேசைக்கு இறக்கிவிட்டார்கள். அவரிடம் வேலை கற்ற சுரேஷ்தான் இப்போது சூப்பர்வைசர். அக்கா கேஸ் போட்டதும், அவரே சுலபமான வேலை கேட்டதாகக் கம்பெனி சொல்கிறது.

துணைக்குப் போக லீவு கேட்டேன். மேனேஜர்: "எங்க போறேன்னு தெரியும். நீ கான்ட்ராக்ட்டு, ஞாபகம் வச்சுக்கோ."

இருந்தாலும் போகிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்
கோர்ட்டில் பின்னால் நின்றேன். என் தோளில் அக்காவின் குழந்தை, நல்ல தூக்கம். சட்டையெல்லாம் எச்சில்.

கம்பெனி வக்கீல்: "குழந்தைக்கு ஜுரம் வந்தா ஷிப்ட்ட யாரும்மா பாப்பாங்க?"

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "மேனேஜர் சாருக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்குதுங்க. அவரை இப்பிடி யாராச்சும் கேட்டீங்களா சார்?"

இந்த அக்காவா பேக்கிங்கில் தலைகுனிந்து நின்றவர்!

அடுத்து சுரேஷ். கம்பெனிதான் சாட்சியாகக் கூட்டிவந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிறகு, "அக்கா எதுவும் கேக்கலைங்க சார். 'குழந்த பெத்தவளால இனி ஆவாது, நீ பாத்துக்க'ன்னு மேனேஜர்தான் எங்கிட்ட சொன்னாரு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எப்படிச் சொன்னான்? வேலை போய்விடும் என்று தெரியாதவனா?

நவம்பர் 14, வெள்ளி
சுரேஷைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். மூட்டை எண்ணும் வேலை. கேன்டீனில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் அக்காவும் தட்டோடு போய் உட்கார்ந்தோம். சாம்பாரில் உப்பே இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்
தீர்ப்பு. இறக்கியது செல்லாது, பழைய பதவியே தர வேண்டுமாம். அக்கா போனில் அழுதார். நானும்.

பிப்ரவரி 23, திங்கள்
வெயில் ஆரம்பித்துவிட்டது. அக்கா சூப்பர்வைசர் தொப்பியோடு உள்ளே வந்தார். லைன் முழுக்க எழுந்து நின்றது. யாரும் சொல்லாமலே.

"என்ன நிக்கறீங்க? வேலையப் பாருங்க." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் என்னிடம், "சுரேஷு இன்னும் குடோன்லதானா?"

"ஆமாங்க்கா."

நேராக மேனேஜர் ரூமுக்கு நடந்தார். கதவைத் தட்டக்கூட இல்லை.