ஆறு மடங்கு

வாலுவின் அப்பாவுக்கு,

அன்று போனில், "ஆறு மடங்கு ஏறியிருக்கு, எல்லாம் நீங்க அவளைப் படியில ஓட விட்டதாலதான்" என்று கத்தினேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். மூன்று வாரம் ஆகிறது.

அது அப்படி ஏறவே இல்லை.

ஓட்டையோடு பிறந்த அவள் இதயம் திணறினால், ரத்தத்தில் ஒரு பொருள் கூடும், அதைத்தான் அளக்கிறார்கள். பழைய ஆஸ்பத்திரியில் நூற்று எண்பது. புது ஆஸ்பத்திரியில் ஆயிரத்து எண்பது. இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து நானே வகுத்துப் பார்த்துக்கொண்டேன். இன்று லேபில் ரத்தம் எடுக்கும் அக்கா அவற்றை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அங்க அளந்தது வேற பொருள், இங்க அளக்கிறது வேற. ஒரே லேப்ல எடுத்ததைத்தான் ஒப்பிடணும். படிச்சவங்கதானே நீங்க?"

"தமிழ் எம்.ஏ."

"அதானே பார்த்தேன்!"

புது ஆஸ்பத்திரியின் அதே லேபில், ஆயிரத்து எண்பது இருந்தது இன்று அறுநூற்று நாற்பது. மருந்து கேட்கிறது, எடை இன்னும் இரண்டு கிலோ கூடட்டும், அதுவரை ஆபரேஷனுக்கு அவசரமில்லை என்றார் டாக்டர். படி ஏறலாமா என்று கேட்டேன். "மூச்சு வாங்கினா அவளே உட்கார்ந்துக்குவா. விடுங்கம்மா."

இரண்டு மாடி ஏறினாள். நடுவில் ஒரே ஒருமுறை உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள். கையை நான் பிடித்துக்கொள்வேன். காலைப் பிடிக்க ஆள் வேண்டும். இப்போதெல்லாம் நன்றாகவே உதைக்கிறாள்.

அவள் அம்மா