அலமாரிக் கதவில் ஒரு தாள்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் வீட்டுக்காரி ஃபோனில் சொன்னாள். நீ சொல்லவில்லை. "வேலை விஷயம் எதுவும் ஃபோன்ல பேசாத அக்கா, யார் காதுல விழும்னு தெரியாது" என்று விமான நிலையத்தில் நின்று சொன்னாய். அதற்காக ஊர் போய்ச் சேர்ந்ததைக்கூடவா சொல்லக் கூடாது? சரி, உன் இஷ்டப்படியே தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தான் பார்த்துச் சிரிக்கிறார். தொலைபேசி நிறுவனத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் தம்பிக்குத் தபால் போடுகிறாளாம்.

நீங்கள் நான்கு பேர் உங்கள் நாட்டு ஆய்வுக் குழுவாக வந்து எங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஒன்பது நாளும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நட்பு நாடுகளோட தொலைத்தொடர்பைப் பாதுகாக்க இவங்க அரசாங்கம் உதவி பண்ணுது. பழைய கருவியைக் கழட்டிட்டுப் புதுசு தரப்போறாங்க. அதுக்கு முன்னாடி எங்க ஓட்டை இருக்குன்னு பார்க்க வந்திருக்காங்க" என்று மேலாளர் உங்களை அறிமுகப்படுத்தியபோது, இவன் என் தம்பி என்று கத்த வேண்டும் போலிருந்தது. நீ கண்ணைக் காட்டி அடக்கிவிட்டாய். பகலெல்லாம் என்னை 'மேடம்' என்றாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்து "அக்கா, பசிக்குது" என்றாய். இதில் என்ன ரகசியமோ, எனக்குப் புரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. அலமாரிக் கதவைத் திறந்து, உட்பக்கம் ஒட்டியிருந்த தாளில் கடவுச்சொல்லைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கைக் கவனித்தேன். அன்றைக்கே வீட்டில் எல்லாம் சொன்னேன். மறுபடியும் சொல்கிறேன், மறந்துவிடாதே. நாங்கள் பதினோரு பேர். நிறுவனம் நான்கு பேருக்குத்தான் கணினிக்குள் நுழைய அனுமதி கொடுத்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆம்புலன்ஸ் எண் செத்துப்போனபோது அந்த நான்கு பேரில் ஒருவர்கூட அறையில் இல்லை. அழைப்புகளை வேறு வழியில் திருப்பிவிட யாராலும் முடியவில்லை. நாற்பது நிமிஷம், ஊரே கூப்பிட்டும் யாருக்கும் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் ஒவ்வொரு மாதமும் மாறும் கடவுச்சொல்லை நான் எழுதி ஒட்டுகிறேன். மேலாளருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். உன் அறிக்கையில் ஒரே ஒரு வரி எழுது: பதினோரு பேருக்கும் தனித்தனி அனுமதி கொடுங்கள் என்று. மறுநாளே அந்தத் தாளைக் கிழித்துவிடுகிறேன்.

சுண்டெலி அண்ணன் உன்னை விசாரித்தார். உன் கண்ணாடி கருவி அடுக்குக்குப் பின்னால் விழுந்தபோது ஊர்ந்து போய் எடுத்துத் தந்தாரே, அந்த டெக்னீஷியன். வேறு யாரும் நுழைய முடியாத இடத்தில் நுழைவதால் அந்தப் பெயர். "தம்பி கண்ணாடி இப்ப பத்திரமா இருக்கா?" என்கிறார். நம் உறவு அவருக்கு மட்டும் தெரியும். நம் இருவருக்கும் ஒரே மூக்காம், முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

சின்னவளுக்கு அத்தையின் முத்தங்கள்.

உன் அக்கா

ஜூன் 19

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் முதல் பக்கமே திட்டு. சந்தோஷமாக இருக்கிறது.

அங்கே இருந்தபோது தானம் என்று கிண்டல் செய்தாரே, அந்த அத்தானிடம் சொல், நாங்கள் கொடுப்பது தானம் இல்லை. உங்கள் நெட்வொர்க்கில் ஓட்டை இருந்தால் அது வழியாக எதிரிகள் எங்கள் நாட்டுக்கும் வருவார்கள். அதனால்தான் கருவி, பயிற்சி, ஆட்கள் எல்லாம் எங்கள் செலவில். இந்த வருஷம் ஆறு நாடுகள் வரிசையில் நின்றன. உங்கள் நாட்டை முதலில் வைக்கச் சொல்லி நான் எவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று உனக்குத் தெரியாது. அறிக்கை மேலே போயிருக்கிறது. கருவிகள் அநேகமாக அடுத்த மாதமே கப்பல் ஏறும்.

அந்தத் தாளை உடனே எடுத்துவிடு. யார் கேட்டாலும் அதைப் பற்றி எதுவும் பேசாதே. தயவுசெய்து, அக்கா.

சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஃபோட்டோ வைத்திருக்கிறேன்.

அன்புடன்
தம்பி

ஜூலை 21

தம்பிக்கு,

உங்கள் அரசாங்கத்தின் உதவி வந்து சேர்ந்தது. ரொம்ப நன்றி.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் இரண்டு காவலர்களோடு உள்ளே வந்தார். சுண்டெலி அண்ணன் கருவி அடுக்குக்குப் பின்னால் கிடந்தார், கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. "வெளிய வாங்க" என்றார் மேலாளர். தலையெல்லாம் தூசியோடு ஊர்ந்து வந்தார். அடையாள அட்டையைக் கேட்டார்கள். "என்ன சார், புதுசு மாத்திக் குடுக்கிறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். பத்தொன்பது வருஷ வேலை. பாதுகாப்புக்குப் பங்கம் விளைவித்ததாக ஒரு கடிதத்தைக் கையில் திணித்து, வாசல் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். சட்டைப் பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் திரும்பி வந்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அது நிறுவனத்துடையதாம். போகும்போது என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எதற்கு என்றே அப்போது எனக்கு விளங்கவில்லை என்று இன்று வரை சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது பாதிதான் உண்மை.

மத்தியானம் உங்கள் அறிக்கையை எங்களுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். "பணியிலிருந்த டெக்னீஷியன் தன்னிச்சையாகக் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருந்தார். பொறுப்பானவரை நீக்கிய பிறகே கருவிகள் அனுப்பப்படும்." அடியில் அவர் முழுப்பெயர். இப்படி அறிக்கையில் வருகிற பெயர் உங்கள் தடைப் பட்டியலில் ஏறுமாம், ஏறினால் எங்கள் நாட்டில் மட்டுமல்ல, உங்கள் நட்பு நாடுகள் எதிலும் ஒரு கம்பியைத் தொட விடமாட்டார்களாமே. ஐம்பத்து நான்கு வயதில் அவர் என்ன, காய்கறி வண்டி தள்ளுவாரா?

ஆம்புலன்ஸ் எண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. நான்கு அனுமதியைப் பற்றி ஒரு வரி இல்லை. உன்னோடு வந்த மற்ற மூன்று பேரில் எவனோ அரைகுறை பார்த்த வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அறிக்கையில் இருந்த ஃபோட்டோவைப் பார்த்தேன். அந்தத் தாளின் படம். கடவுச்சொல்லைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருக்கிறது, சரி. அதற்கு மேலே "அவசரத்துக்கு மட்டும். படித்ததும் கதவை மூடவும்" என்று நான் எழுதியிருந்தேனே, அதையும் ஏன் மறைக்க வேண்டும்? அதில் என்ன ரகசியம் இருக்கிறது? ஒரு எழுத்துகூடத் தெரியாமல் மறைத்தது யார்?

பதில் எழுது. ஃபோனில் கூப்பிடாதே. எடுக்கமாட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

மறைத்தது நான்தான். கதவைத் திறந்த அந்த நொடியே உன் எழுத்து என்று தெரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நீ. உன் 'ழ'வின் வால் எங்கே போய் முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கூட வந்தவர்கள் "யார் எழுதினது?" என்று கேட்டார்கள். அன்றைய பணிப் பட்டியலில் சுண்டெலி அண்ணன் பெயர் இருந்தது. அதைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஆய்வு செய்யும் இடத்தில் உறவினர் யாராவது இருந்தால் முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்னை அனுப்பியிருக்கமாட்டார்கள். உன்னை ஒன்பது நாள் பார்க்கலாமே என்ற ஆசை. ஐந்து வருஷமாயிற்று, அக்கா. இப்போது உன் பெயர் வெளியே வந்தால் அந்த ஆய்வே செல்லாது என்று ஆகிவிடும். உங்கள் நாடு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன், சத்தியமாக. வேலையைவிட்டே நீக்கச் சொல்லும் வரியை மேலிடம் சேர்க்கும் என்று நினைக்கவில்லை.

உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன். அதை மட்டும் நம்பு.

தம்பி

ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

என்னைக் காப்பாற்று என்று உன்னிடம் எப்போது கேட்டேன்? ஒரு தடவை சொல், எந்த நாள், எந்த அறை?

உன் அத்தான் பேருந்து ஓட்டுகிறவர் அல்லவா. அவரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "உன்ன ஓரமா இழுத்துட்டு இன்னொருத்தர வண்டி முன்னாடி தள்ளிவிட்டிருக்கான்." அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. உங்கள் பெரிய அரசாங்கம், கப்பல் கப்பலாகக் கருவி, காது குளிர 'நட்பு நாடு' என்ற பேச்சு! வந்து பார்த்தது எதை? ஒரு தாளை. பதினோரு பேருக்கு நான்கு அனுமதி கொடுத்த நிறுவனத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது நிமிஷம் ஏன் ஊர் தவித்தது என்று கேட்கவில்லை. தரையில் ஊர்ந்து வேலை பார்க்கிறவர்தான் கைக்கு வாகாகக் கிடைத்தார். எதிரி நுழையாமல் தடுக்க வந்தவன், உடன்பிறந்தவளைத் தெரியாது என்று பொய் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தாயே! உங்களுக்குள் இருக்கும் ஓட்டையை எந்த நாடு வந்து அடைக்கும்?

போன வாரம் புதுக் கருவிகள் வந்தன. பளபளவென்று இருக்கின்றன. நுழைவு அனுமதி எத்தனை பேருக்குத் தெரியுமா? மூன்று பேருக்கு.

செப்டம்பர் 2ஆம் தேதி சுண்டெலி அண்ணனின் மேல்முறையீட்டு விசாரணை. உங்கள் அலுவலகத்திலிருந்தும் ஒருவர் வருகிறாராம். அதற்குள் அந்த வரியைத் திருத்தி அனுப்பு. எழுதியது உன் அக்கா என்று எழுது, எதற்காக என்பதையும் எழுது. உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் வேலைக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். உன் வீட்டுக் கடனும் சின்னவள் பள்ளிக்கூடமும் என் கண் முன்னால்தான் இருக்கின்றன. இருந்தும் கேட்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 26

அக்கா,

என்னால் முடியாது. நீ ஒரு ஆளைப் பார்க்கிறாய். நான் மொத்த நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போது அறிக்கையில் தவறு என்று ஒப்புக்கொண்டால் இரண்டாம் கட்ட உதவி நின்றுவிடும். இந்தத் திட்டமே வீண் என்று சொல்லக் காத்திருப்பவர்கள் இங்கே நிறைய. முப்பது லட்சம் பேர் பேசுகிற கம்பிகள், அக்கா.

கொஞ்ச நாள் போகட்டும். அவருக்கு வேறு துறையில் ஏதாவது ஏற்பாடு செய்கிறேன். நீ விசாரணையில் வாயைத் திறக்காதே, உன் காலில் விழுந்து கேட்கிறேன். என் ஆகஸ்ட் 5ஆம் தேதிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. இதையும்.

தம்பி

செப்டம்பர் 4

தம்பிக்கு,

இதை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது என்று உடனே எழுதுகிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

விசாரணை அறையில் நீள மேஜை, அந்தப் பக்கம் நான்கு பேர். உங்கள் அலுவலகத்து அதிகாரி சன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். சுண்டெலி அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "தாளை எழுதி ஒட்டியது யார்?" என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் "தெரியாதுங்க" என்றார். அவருக்குத் தெரியும், தம்பி. மாதா மாதம் நான் எழுதும்போது பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவரே அவர்தான்.

நான் எழுந்து, "எழுதினது நான்" என்றேன். ஆம்புலன்ஸ் எண், நான்கு அனுமதி, மேலாளர் கண்ணை மூடிக்கொண்டது, எல்லாம் சொன்னேன். மேலாளர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது உங்கள் அதிகாரி, ஆய்வுக் குழுவுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ தப்பித்திருப்பாய். நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் அந்த இஸ்திரிச் சட்டை தெரிந்தது. பையைத் திறந்து உன் ஆகஸ்ட் 5ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். என்னையே படிக்கச் சொன்னார்கள். 'அக்கா' என்று வருகிற இடங்களில் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். மொழிபெயர்த்த பெண்ணும் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அது கிடக்கட்டும். அவரை இன்னும் திரும்ப எடுக்கவில்லை. அறிக்கை இன்னொரு நாட்டு அரசாங்கத்தின் ஆவணமாம். எழுதியவரே திருத்தினால்தான் பட்டியலிலிருந்து பெயர் நீங்குமாம். உன் ஆட்கள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்போதாவது உண்மையைச் சொல். உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு அளவே இல்லை. உனக்கு என்ன ஆகுமோ என்று ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வதும் நிற்கவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கிறது, என்ன செய்யட்டும்?

வெளியே வந்ததும் வராண்டாவில் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்: "தம்பி வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதேம்மா?"

அதற்கான பதிலை நீ எழுது. எனக்கு அல்ல, அவருக்கு. முகவரி பின்பக்கம் இருக்கிறது.

அக்கா