கிளிப்படம் ரம்முக்கு நாற்பத்தொரு மார்க்

6-9-2025, சனி

சுலோசனா டீச்சர் போன கிறிஸ்துமஸுக்குச் சொன்னது இன்னும் உறுத்துகிறது. "கேக் நல்லாத்தான் இருக்கு ஞானம், ஆனா இருமல் மருந்து வாசனை வருதே." கொரட்டூரில் வருஷா வருஷம் நாற்பது கிலோ ப்ளம் கேக் போடுகிறவளைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை! பழம் ஊறப்போடுகிற ரம்தான் சரியில்லை. சரி, ஒரு சொட்டுக்கூட விழுங்காத பொம்பளை ரம்மை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நானே ஒரு முறை வைத்துக்கொண்டேன். மணம், நிறம், நாக்கு நுனியில் ஒரு சொட்டு (துப்பிவிட வேண்டும்), மூன்று நாளில் திராட்சை எவ்வளவு உப்புகிறது, கரண்டியில் சூடாக்கித் தீக்குச்சி காட்டினால் எத்தனை எண்ணும்வரை எரிகிறது. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மொத்தம் ஐம்பது.

இரண்டு பாட்டில் என் வீட்டுக்காரர்தான் வாங்கி வந்தார். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு, குடியை இனி தொடமாட்டேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஒயின் ஷாப் வரை போய் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் திரும்பி வருகிற ஆம்பளை எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

9-9, செவ்வாய்

கிளிப்படம் 41. ரயில்படம் 28. கம்பெனிப் பெயரெல்லாம் யார் ஞாபகம் வைப்பது, லேபிளில் இருக்கிற படம் போதும். கிளி பதினான்கு எண்ணும்வரை நீலமாக எரிந்தது. ரயில் ஐந்திலேயே அணைந்துவிட்டது.

ஜெர்வின் சிரித்தான். "மா, குடிக்காமயே நீதான் பெரிய குடிகாரி." மகன் பேசுகிற பேச்சா இது. நானும் சிரித்தேன்.

21-9, ஞாயிறு

கிளி ஆறு பாட்டில் வந்தது. என் மணிக்கட்டு வலிக்காக ஆறு மூடியையும் அவரே திருகித் திறந்து, லேசாக மூடி வைத்தார். "உனுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாது ஞானம்." கண் கலங்கிவிட்டது, என்ன செய்ய.

இரண்டைச் சோதித்துப் பழத்தில் ஊற்றினேன். மீதி நான்கு அரிசி டிரம்முக்குப் பின்னால். ஜெர்வின் ஆபீஸ் வேலையாகக் கோயம்புத்தூர் கிளம்பினான். இரண்டு வாரம்.

3-10, வெள்ளி

நேற்று காந்தி ஜெயந்தி, ஒயின் ஷாப் லீவு. அவர் ஏனோ நாள் முழுக்கச் சிடுசிடுத்தார்.

பழத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஊற்ற மூன்றாவது பாட்டிலை எடுத்தேன். மணம் 4. நிறம் 9. நாக்கு 3. தீ 0 – குச்சிதான் கருகியது! திராட்சைக்கு மூன்று நாள் காத்திருக்கத் தேவையே இல்லை. அதே கிளி. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான். கோவையிலிருந்து ஜெர்வின் போன் பண்ணினான், அவனிடமும் புலம்பினேன்.

11-10, சனி

மீதி மூன்றும் அப்படியே. கழுத்து வரை நிறைந்திருக்கிறது, ஒன்றும் பற்றவில்லை. யாரோ குடித்துவிட்டுத் தண்ணி கலந்திருக்கிறார்கள்.

அவரிடம் சொன்னேன். தோசையைப் பிட்டுக்கொண்டே, "வயசுப் பையன் ஊட்ல இருந்தா அப்டித்தான். அவன் அந்த டிரம்மாண்ட நின்னுகினு இருந்தத நான் பாத்தேன்" என்றார்.

ஜெர்வினைக் கேட்டேன். கேட்டேனா? கத்தினேன். "என்ன மோந்து பாரும்மா, மோந்து பாரு" என்றான். மோந்து பார்க்கவில்லை. ஊரிலிருக்கிற ரம்மையெல்லாம் மோந்து பார்த்தேன், பெத்த பிள்ளையைப் பார்க்கவில்லை. அவர் இன்னொரு தோசை கேட்டார். ஜெர்வின் பையை எடுத்துக்கொண்டு ஐயப்பன்தாங்கலில் சிநேகிதன் ரெனிஷ் ரூமுக்குப் போய்விட்டான்.

12-10

பூசைக்குப் போகவில்லை.

17-10, வெள்ளி

எந்த ரம்மை வாங்குவது என்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். மூன்றாம் தேதி என் கையாலேயே எழுதியிருக்கிறேன் – கோவையிலிருந்து ஜெர்வின் போன். அவன் ஊரிலேயே இல்லை. ஞானகுமாரி, எழுதினால் போதுமா, படிக்க வேண்டாமா?

அப்புறம் அந்த நிறம் 9. எல்லாம் விழுந்தபோது அது மட்டும் ஏன் ஏறியது? தண்ணி கலந்தால் வெளுக்கத்தானே வேண்டும்?

மறுபடி ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். இந்தத் தடவை அவசரமாகத் துப்பவில்லை. டீத்தண்ணி. டீத்தண்ணியில் சுக்கு.

இந்த வீட்டில் சுக்கு போட்ட கறுப்பு டீ குடிக்கிறது ஒரே ஆள். குடியை விட்டதிலிருந்து தொண்டை வறளுதாம். தினமும் தானே போட்டுக்கொள்வார்.

மூடிகள். ஆறு மூடிகள். அடப்பாவி மனுஷா.

19-10, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பாட்டிலை மேசைமேல் வைத்தேன். லேபிளைத் தன் பக்கம் திருப்பி வைத்தார்.

"ரெண்டு வருஷம் மாதா மேல சத்தியமா தொடல ஞானம். நீதான கடைக்கு அனுப்பிச்ச."

அது உண்மைதான். அனுப்பினேன். நம்பினவள்தான் அனுப்புவாள். குடித்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது இன்னொரு தோசை கேட்டாரே, அதை எப்படி மன்னிப்பேன்?

2-11, ஞாயிறு

ஐயப்பன்தாங்கல் போனேன். பஸ் டிப்போ வாசலிலேயே நின்று மன்னிப்பு கேட்டேன். "உடு மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான். வீட்டுக்கு வரமாட்டானாம். ஞாயிறுகளில் பூசைக்கு மட்டும் வருவானாம்.

15-11

ஹாலில் படுக்கிறார். சுக்கு டீ போடுவதில்லை.

29-11, சனி

நாளை திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. பழம் வற்றிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்ததும் நானே போய் வரிசையில் நின்றேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. ஒருவர் மட்டும், "அக்காவுக்கு வழி உடுங்கப்பா" என்றார். "யாருக்கு அக்கா?" "கேக்குக்கு" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

என் முறையில் ஆறாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன் – வாங்கி வந்தது யார். அதற்கும் பத்து மார்க்.

சமையலறையில் பாட்டிலை எடுத்ததும் அவர் வாசலண்டை வந்து நின்றார். "குடு ஞானம், கை வலிக்கும். நான் தொறந்து தரேன்."

முந்தானையைச் சுற்றி நானே திருகினேன். மூன்றாவது தடவையில்தான் சீல் உடைந்தது. பதினான்கு எண்ணும்வரை எரிந்தது, அவரும் நின்று பார்த்தார். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எழுத்து கோணலாக வருகிறது.