கர்னலுக்குள் நான் வைத்த டிரைவர்

உப்புப் பூத்த அந்தப் பெட்டியை உன் அப்பா இன்று காலை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்ததும் துருவும் மீனும் கலந்த வாசனை. பத்தாம் வகுப்பு விடுமுறையில் நீயும் நானும் செய்த காற்றுமானி அது. காற்று அடங்கியிருந்தால் பச்சை விளக்கு, மீறினால் சிவப்பு. உங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தில் அதைப் பார்த்துவிட்டுத்தான் படகு தள்ளுகிறார்கள்.

“காத்தே இல்ல பாப்பா. ஆனா வெடிஞ்சதுலேருந்து செவப்பு எரியுது. ஒருத்தரும் கடலுக்குப் போவல. எல்லாரும் என்னத்தான் ஏசுறாங்க” என்றார்.

நீ காய்ச்சலில் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் கேட்க முடியாததால் எழுதுகிறேன்.

காற்றில் சுழலும் அதன் கிண்ணங்கள் சொல்வதைக் கணினிக்குப் புரியவைக்கும் நிரல்தான் டிரைவர். அதை எங்கே வைப்பது என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். கணினி முழுவதையும் ஆளும் கர்னலுக்குள்தான் வைக்க வேண்டும் என்றேன். அதுதான் வேகம் என்று படித்திருந்தேன். வெளியே, மற்ற நிரல்களோடு ஒன்றாக ஓடட்டும் என்றாய் நீ.

“நொடிக்கு நாலு சுத்து சுத்துற கிண்ணத்துக்கு எதுக்குடி அவ்ளோ வேகம்? வெளிய இருந்தா அது மட்டும் வுழும். உள்ள இருந்தா எல்லாத்தையும் இழுத்துக்கினு வுழும்.”

“நீ புக்கே படிக்கிறதில்ல.”

“நீ புக்க வுட்டு எறங்குறதே இல்ல.”

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ விட்டுக்கொடுத்தாய்.

சிதம்பரத்துக் கல்லூரிக் கண்காட்சியில், மதிப்பெண் போட வந்த பேராசிரியை அம்மா கிண்ணத்தின் கேபிளைப் பிடுங்கினார். கருவி போய்விட்டதா என்று என் டிரைவர் பார்க்கவே இல்லை. இல்லாத ஒன்றைத் தொட்டது. கணினி அப்படியே உறைந்தது. விளக்கு மட்டும் பச்சையாகவே எரிந்தது. அவர் தலையாட்டி, மதிப்பெண் எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். எனக்கு உயிர் வந்தது.

நீ கேபிளைத் திரும்பச் செருகி, மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்தாய். கிண்ணங்கள் பறந்து சுழன்றன. விளக்கு அப்போதும் பச்சை.

“எங்கப்பா இதப் பாத்துட்டுத்தான்டி படகத் தள்ளுவாரு.”

“மார்க் போட்டுட்டாங்க, சும்மா இரு” என்று உன் கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போய் அந்த அம்மாவையே அழைத்து வந்து காட்டினாய். பரிசு போயிற்று. திரும்பும் பேருந்தில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை நாம் முகம் பார்க்கவில்லை. பிறகு நீ மடிக்கணினியைத் திறந்து டிரைவரை வெளியே எழுதத் தொடங்கினாய். பத்து நொடி அதனிடமிருந்து எண் வராவிட்டால் சிவப்பைப் போட இன்னொரு சிறு நிரல்.

இன்று பார்த்தேன். கேபிளின் முனையை உப்பு தின்றிருந்தது. உன் டிரைவர் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்திருக்கிறது. மற்றதெல்லாம் விழாமல் ஓடியிருக்கிறது. நீ எழுதிய மாதிரியே சிவப்பு எரிந்திருக்கிறது.

“இது அறுந்தா கடைசியா எரிஞ்ச லைட்டே எரியற மாதிரி பண்ணிடு பாப்பா. சும்மா சும்மா ஒரு நாள் தொழில் போவக்கூடாதில்ல?” என்றார் உன் அப்பா.

ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். என் விரல் விசைமேல் இருந்தது. உன்னிடம் அவர் கேட்டிருந்தால் நீ யோசிக்காமலே மறுத்திருப்பாய்.

“மாட்டேன் மாமா. காத்து எவ்ளோன்னு அதுக்கே தெரியலன்னா செவப்புதான் எரியணும்.”

அவர் பெட்டிமேல் பூத்திருந்த உப்பை விரலால் சுரண்டினார். “அவளும் இப்புடித்தான் புடிச்சா புடிதான்” என்றார். “சரி, கேபிள மாத்திக் குடு. நாளைக்குப் போவணும்.”

மாற்றிக் கொடுத்துவிட்டேன். பெரிய கருவிகளுக்குக் கர்னல்தான் சரி என்று உன்னோடு வாதாட எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் நாளை நான் சரிபார்த்த பச்சையை நம்பி உன் அப்பா கடலுக்குள் போவார். அவர் கரையேறும்வரை எனக்குப் பயமாகவே இருக்கும். அன்று சிதம்பரத்தில் உனக்கு இருந்த பயம் அது. இப்போது என்னிடம் இருக்கிறது.