புண்ணுக்கு ஆகாத மீன்

பெப். 9, திங்கள்

வாடைக்காற்று. முற்றம், கட்டில், சோற்றுப்பானை எல்லாவற்றிலும் மணல். டெனிஸ் அண்ணனை யாழ். ஆஸ்பத்திரியிலிருந்து வாடகை வான் பிடித்துக் கொண்டு வந்தோம். பின்சீற்றில் படுக்கை. றோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் தலையணையை வயிற்றில் அமர்த்திப் பிடித்தபடி. இருபத்தாறு வயது. அப்பா தனியாளாகவே தூக்கி இறக்கினார்.

நோயின் பெயர் குரோன். குடல் தானாகவே வீங்கிப் புண்ணாகும். வருடக்கணக்காக இந்த வீட்டில் அதற்கு இருந்த பெயர்கள்: வயிற்றுக்கடுப்பு, கண்ணூறு, செய்வினை, பெட்டை விசர், வேலைக்கள்ளம். யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போனால் ஒரு நாள் கடல்தொழில் போய்விடும். அதனால் ஒன்றைவிட்டு ஒன்றுதான் போவான். மிச்ச நாட்களுக்கு மருந்துக்கடைக்காரன் தருகிற பழைய ஸ்டீரொயிட் குளிசை. முகம் ஊதினது. "கொழுத்திட்டான்" என்றது ஊர். போன மாதம் குடல் அடைபட்டு ஓட்டை விழுந்தது. கெட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பொருத்தினார்கள்.

வெளிக்கிடும்போது நேர்ஸ் சொன்னவை, மறக்காமல்:
– குளிசையை நாங்களாக நிறுத்தக்கூடாது.
– ஆனால் அது கிருமியை எதிர்க்கிற சக்தியைக் குறைக்கும். உள்ளே சீழ் பிடித்தாலும் காய்ச்சல் காட்டாது. காய்ச்சலுக்காகக் காத்திருக்கக்கூடாது.
– புண் சிவந்தால், கசிந்தால், சத்தியெடுத்தால், நெஞ்சு படபடத்தால் உடனே கொண்டுவர வேண்டும்.
– முட்டை, மீன், பருப்பு. "உடம்பிலை தசை இல்லாட்டித் தையல் எதிலை பிடிக்கும்?"

அம்மா "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்றார். அம்மா யார் எதைச் சொன்னாலும் ஓம் என்பார்.

பெப். 10, செவ்வாய்

விடியவே பெரியம்மா பையோடு வந்துவிட்டார். அம்மாவின் அக்கா. செபக்கூட்டத் தலைவி. ஊரில் பிள்ளை பெற்றவளுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் பத்தியம் சொல்கிறவர். அடுப்பும் குசினியும் உடனே அவர் கையில்.

"கேட்டுக்கொள். மீன், முட்டை, இறால், நண்டு, தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி. திண்டால் புண் சீழ் பிடிக்கும்."

"நேர்ஸ் மீன் குடுக்கச் சொன்னவ, பெரியம்மா."

"அவை வெட்டுறதோடை சரி. புண்ணை ஆத்துறது ஆர்? நாங்கள்."

"இவ்வளவு நாளும் நீங்கள் ஆத்தின லட்சணத்தாலைதானே வெட்டவேண்டி வந்தது."

"எடியே, ஏ.எல். ரெண்டு தரம் எழுதியும் பாசாகாத மூளை. வாயைப் பார்."

காலை உப்புக்கஞ்சி. மத்தியானம் உப்புக்கஞ்சி. பின்னேரம் பிளேன்ரீ, பிஸ்கட். வாசலில் பாய் விரித்து மீன் காய்கிறது. உள்ளே கட்டிலில் எலும்பு காய்கிறது.

பெப். 12, வியாழன்

நோயாளியைப் பார்க்க ஆட்கள். கையில் பிஸ்கட் பெட்டி, வாயில் செத்தவர்களின் கதை. காதில் விழுந்தவை:

"குடலை வெட்டினவனுக்கு இனி ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

"மெல்லக் கதையுங்கோ, கேக்கப்போகுது."

"கேக்கட்டுமன். காதையோ வெட்டினவங்கள்?"

சிரிப்பு.

ஒருத்தி கட்டிலில் குந்தி, கட்டுப் போட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்துச் செபித்தாள். கருவாடு அடுக்கிவிட்டு வந்த கை. கழுவிவிட்டு வரச் சொன்னேன். எனக்குத் திமிராம். அம்மா எனக்காக மன்னிப்புக் கேட்டார்.

அப்பாவின் வலையில் நல்ல விளைமீன் பட்டிருந்தது. வந்தவர்களுக்குப் பொரியல். மணம் அறைக்குள் போனது. "தங்கச்சி, தலையெண்டாலும் தாவன்" என்று அண்ணன் உள்ளேயிருந்து கெஞ்சினான். கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

அவர்கள் போனதும் ஒரு துண்டை அவித்து, முள் எடுத்து, கஞ்சிக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றான். அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. சிரித்தவர்களின் வாயில் மணலை அள்ளிப் போட வேண்டும்போல இருந்தது.

பெப். 14, சனி

பெரியம்மா செபக்கூட்டத்துக்குப் போகிற நேரம்தான் மீன் நேரம். இன்று அண்ணன் எழும்பிச் சாய்ந்து இருந்தான்.

"காதலர் தினத்துக்கு எனக்கு மீன் தந்த ஒரே பெட்டை. அதுவும் தங்கச்சி. என்ரை தலைவிதியைப் பார்."

சிரித்தால் தையல் நோகும். சிரித்தான்.

கை கழுவுகிற சவர்க்காரம் முடிகிறது. வாங்க வேண்டும். இத்தனை வருடம் சத்தில்லாமல் போன உடம்பை நாலு துண்டு மீன் நிமிர்த்துமா? தெரியாது.

பெப். 17, செவ்வாய்

தையலின் கீழ்ப்பக்கம் சிவந்து, தொட்டால் சூடு. விடிய ஒருமுறை சத்தியெடுத்தான். நாடி கண்டபடி ஓடுகிறது. காய்ச்சல் பார்த்தோம். இல்லை. அம்மா தேர்மோமீற்றரை முத்தமிட்டார். உண்மையாகவே முத்தமிட்டார்.

"காய்ச்சல் இல்லாட்டியும் கொண்டுவரச் சொல்லித்தானே நேர்ஸ் சொன்னவ!"

"காய்ச்சல் இல்லாதவனை ஏனடி இழுத்துக்கொண்டு திரியவேணும்?" அப்பா.

"நாளைக்கு விபூதிப் புதன், தவக்காலம் துவங்குது. பூசை முடியட்டும், பாப்பம்." பெரியம்மா.

அண்ணனிடம் கேட்டேன். "திரும்ப வெட்டுவாங்கள். நான் மாட்டன்" என்றான். அம்புலன்ஸுக்கு அடிக்கப் போனை எடுத்தேன். அப்பா பறித்துத் தன் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். இந்த வீட்டில் பெட்டையின் பேச்சுக்குச் சேட்டுப் பை அளவு இடம்.

பெப். 18, புதன்

எல்லாரும் ஒருசந்தி. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று சுவாமியே பிரசங்கத்தில் சொல்லுவார்.

"படுத்திருக்கிறவன் ஒருநேரம் விட்டால் செத்தோ போவான்?" பெரியம்மா.

காலைக் கஞ்சியும் இல்லை. பூசை முடிந்து வந்து அவன் நெற்றியிலும் சாம்பல் பூசினார்கள். நீ மண்ணாக இருக்கிறாய் என்கிற பூசை வசனத்தை அவனுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

போர்வையை இழுத்தேன். கட்டு தெப்பமாக நனைந்திருந்தது. பச்சை. பீ மணம். எல்லாரும் பின்னுக்கு நகர்ந்தார்கள். பெரியம்மா சீலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தினார்.

"நான் தந்த கஞ்சிக்கு இப்பிடி வராது. என்னத்தைத் திண்டனி? சாம்பல் பூசின நெத்தி, உண்மையைச் சொல்லு மோனே."

அண்ணன் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தங்கச்சி மீன் தந்தவள்."

என் கன்னத்தில் அறைந்தார்கள். முதலில் அம்மா, பிறகு அப்பா. அப்பா குனிந்து அடிக்கையில் போன் சேட்டுப் பையிலிருந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு வெளியே ஓடி அம்புலன்ஸுக்கு அடித்தேன். அது வரும்வரை வீடு முழுக்க மீன் கதை. எந்த மீன், எத்தனை தரம், எந்தச் சட்டியில். அவன் பல் கிடுகிடுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

பெப். 20, வெள்ளி. யாழ்.

திரும்ப வெட்டினார்கள். பொருத்தின இடம் விட்டுப்போய் வயிறு முழுக்கச் சீழ். இப்போது குடலின் முனை வயிற்றுக்கு வெளியே, அதில் ஒரு பை. உயிர் இருக்கிறது.

டொக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அம்மா கேட்டார்:

"மீன் திண்டதாலையோ டொக்டர்?"

"மீனாலை ஒண்டுமில்லை அம்மா. சத்தில்லாத உடம்பு, அதோடை கனகாலம் ஸ்டீரொயிட். இந்த வருத்தக்காரருக்கு வெட்டினாப் பிறகு கிருமி பிடிக்கிற பயம் கூட. மீன் இன்னும் குடுத்திருக்கவேணும். புண் சிவந்த அண்டைக்கே ஏன் கொண்டுவரேல்லை?"

"ஓம் டொக்டர்."

விறாந்தையில் அம்மா பெரியம்மாவுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஓமக்கா. மீனாலைதானாம்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குற்றவாளி ஒரு ஆள் வேண்டும். அக்காவாக இருக்க முடியாது. தானாக இருக்க முடியாது. வீட்டில் சின்னவள் நான்.

பெப். 23, திங்கள்

வாயால் சாப்பிடலாம் என்று விட்டிருக்கிறார்கள். அண்ணன் தொடவில்லை. டொக்டர் கட்டிலடியில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "சாப்பிடாட்டி இதுவும் ஆறாது. இன்னொருக்கா வெட்ட இந்த உடம்பு தாங்காது."

முட்டையை உரித்து நீட்டினேன்.

"எட்டப் போ. நீ என்னைக் கொல்லப் பாத்தனீ."

மீன் தரச்சொல்லிக் கெஞ்சின அதே வாய். தூசணத்தால் ஏசினேன். பக்கத்துக் கட்டில் ஐயா, "தங்கச்சிமார் இப்பிடி இருந்தால் எமனுக்கு வேலையில்லை" என்றார். அம்மா நீட்டினார். அதுவும் வேண்டாம். பெரியம்மா சொன்னால்தான் தின்னுவானாம்.

பெப். 24, செவ்வாய்

இன்றும் இல்லை. தண்ணீர் மட்டும். புதுப் புண்ணின் ஓரம் வெளிறிக் கிடக்கிறது. பெரியம்மாவுக்குப் போன் அடித்தேன். வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ என்றேன்.

"வாறன். முதல் நீ பிழையை ஒத்துக்கொள்ளவேணும். போனிலை இல்லை. எல்லாருக்கும் முன்னாலை."

பெப். 25, புதன்

வந்தார். செபமாலை, பை, பஸ் வேர்வை. நான் சொன்னபடி கையைக்கூடக் கழுவினார். பிறகு கட்டிலடியில் நின்று, "சொல்லு" என்றார்.

"நான் குடுத்த மீனாலைதான் அண்ணாவுக்குச் சீழ் பிடிச்சது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பலமாச் சொல்லு. அவனுக்குக் கேக்கட்டும்."

பலமாகச் சொன்னேன். வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மருந்து வண்டியோடு நின்ற நேர்ஸ்கூட. அம்மா நிலத்தைப் பார்த்தார். டொக்டர் சொன்னது அவர் காதிலும் விழுந்ததுதானே.

பெரியம்மா முட்டையின் மேல் சிலுவை அடையாளம் போட்டார்.

"செபிச்ச முட்டையிலை கிரந்தி நிக்காது. ஆவெண்டு மோனே."

வாயைத் திறந்தான். மென்றான். விழுங்கினான். என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்னொன்றை உரிக்கச் சொன்னார். உரித்தேன்.